பட்டதாரியின் முதுகு

துணி சோப்பு செய்யும் பெரிய கம்பெனியில் வேலை நிரந்தரமாவதற்குள் பட்டதாரியின் முதுகு காணாமல் போய்விட்டது. முகம், தோள், வயிறு எல்லாம் பழையபடியே இருந்தன. எதிரில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. அந்தத் தெருவில் கல்லூரிப் படிப்பை முடித்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் எல்லோரும் அவளைப் பட்டதாரி என்றே கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். அம்மா ஒரு மாணவர் விடுதிக்குத் துணி துவைப்பவள். அதே கம்பெனியின் சோப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள். அப்பா என்று ஒருவர் இருந்தார், பிறகு இல்லை. அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஊர்ப்பட்ட பேர் எழுதிய தேர்வில் கம்பெனி ஒரு பெஞ்சில் உட்காரும் அளவுக்குத்தான் ஆட்களை எடுத்தது. அவர்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு முதலில் தொழிற்சாலையில் நின்றார்கள், பிறகு விற்பனைக்காரர்களோடு கடை கடையாக ஏறி இறங்கினார்கள், பிறகு கண்ணாடிக் கட்டடத்தில் ஆளுக்கொரு பொறுப்பு வாங்கினார்கள். பொறுப்பில் தோற்றவரிடம் வாசல் காவலாளி அட்டையைக் கழற்றி வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். பட்டதாரியின் பக்கத்து மேஜைக்காரன், வாய் ஓயாமல் பேசுகிறவன், ஒரு திங்கட்கிழமை அப்படித்தான் போனான். அவனுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் வெகுநாள் மேஜையிலேயே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தன் கழுத்து அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். ஏனென்றால் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்: மகளுக்கு வேலை நிரந்தரமான அன்றே இந்தக் கைக்கு ஓய்வு, வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லைப் பெயர்த்து வாசலில் போட்டுவிடுவேன் என்று.

பட்டதாரியின் மேலதிகாரி எங்கே நின்றாலும் சுவரோடு ஒட்டியே நிற்பார். அறையை விட்டுப் போகும்போது பின்பக்கமாகவே நடந்து போவார். அவர் இல்லாதபோது அவருக்குச் சுவரொட்டி என்று பெயர். அவர் அவளுக்குக் கொடுத்த பொறுப்பு இது: சோப்பின் எடை குறைய வேண்டும், விலை குறையக் கூடாது, வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது. அவள் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். மேல்பக்கமும் ஓரங்களும் அப்படியே இருக்கட்டும், அடிப்பக்கத்தை மட்டும் கிண்ணம்போலக் குழித்துவிட்டால் போதும். அச்சை மாற்றினார்கள். புதிய எடையை உறையின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் போட்டார்கள். ஒளிவுமறைவு கூடாதல்லவா.

விற்பனைக்கு விடுவதற்கு முன், சுற்றுவட்டாரத்துப் பெண்களை வேனில் அழைத்துவந்து, உறை பிரிக்காமல் பழையதையும் புதியதையும் ஆளுக்கொரு ஜோடி கையில் கொடுத்து, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்பது கம்பெனி வழக்கம். வந்தவர்களில் அம்மாவும் இருந்தாள். யாரும் சொல்லி அழைத்ததல்ல. வேன் அந்தத் தெருவழியாக வந்தது, அவ்வளவே. மற்ற பெண்கள் உதட்டைப் பிதுக்கித் தெரியவில்லை என்றார்கள். அம்மா ஒரு கையில் ஒன்றாக இரண்டையும் வைத்துக்கொண்டு, தூக்கமில்லாமல் வீங்கிய கண்ணோடு ஓரத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோப்பு குறைந்ததும் தெரிந்தது, பொறுப்பு யாருடையது என்பதும் தெரிந்தது.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. வித்தியாசமே தெரியல" என்றாள் அம்மா.

புதிய சோப்பு கடைக்கு வந்த அன்று, குளிக்கும்போது பட்டதாரியின் கைக்கு முதுகின் நடுவே ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. வலி இல்லை. எலும்பும் இல்லை. கம்பெனி மருத்துவர் முன்பக்கம் மட்டுமே பார்ப்பவர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நல்ல ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்தார். சோப்பு நன்றாக விற்றதால் இன்னொரு முறை குழிக்கச் சொன்னார்கள். குழித்தாள். முதுகும் குழிந்தது. பஞ்சை அடைத்துப் பார்த்தாள். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் உதிர்ந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்தால் சாய எதுவுமில்லை. ஆபீஸ் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழாத வாரமில்லை. அம்மா விடிவதற்கு முன்பே விடுதிக்குப் போய்விடுகிறவள் என்பதால் அவளிடம் மறைப்பது மட்டும் சுலபமாக இருந்தது.

மூன்றாம் முறையும் குழிக்கச் சொன்னபோது அவள் சுவரொட்டியின் அறைக்குப் போய், இனி என்னால் முடியாது சார், எடுத்ததைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்றாள். அவர் கோபப்படவில்லை. "திருப்பிப் போடுற பழக்கம் இங்க இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்க முதன்முறையாகத் திரும்பி நின்றார். முதுகு இருக்க வேண்டிய இடத்தில் கோட்டின் உட்துணி தெரிந்தது, அதற்குள் சட்டைப் பொத்தான்களின் பின்பக்கம் தெரிந்தது. மின்விசிறிக் காற்றில் அவர் லேசாகப் படபடத்தார். "பழகிடும். சுவர் பக்கமா உக்காந்துக்கோ" என்றார்.

அங்கிருந்து அவள் நேராக விடுதிக்குப் போனாள். விடுதியில் துணிக்கு இத்தனை சோப்பு என்று கணக்காகத்தான் கொடுப்பார்கள். இப்போதெல்லாம் பாதித் துணியிலேயே சோப்பு கரைந்துவிடுவதால், மீதியை அம்மா வெறுங்கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை பிளந்து, அலசிய தண்ணீர் சிவப்பாக ஓடியது. பட்டதாரி தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அந்தக் கையைக் கெடுத்தவள் தானே என்பதும், வேலை நிரந்தரமாகாமல் அந்தக் கைக்கு விடுதலை இல்லை என்பதும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. செத்துப்போனால் தேவலை என்று தோன்றியது. மறுநாள் காலை ஆபீசுக்குப் போய் மூன்றாம் முறையும் குழித்தாள்.

அந்த வருடக் கடைசியில் வேலை நிரந்தரமானது. அம்மா சொன்னபடியே துவைக்கிற கல்லை ஆள் வைத்துப் பெயர்த்து வாசலில் போட்டாள். தெரு நாய் அதன்மேல் படுத்துக்கொண்டது.

அதற்கு மறுநாள்தான் அம்மா, மகள் வேலைக்குக் கிளம்புவதைப் பார்க்கிற மாதிரி முதன்முறையாக வீட்டில் இருந்தாள். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு, சிரித்தபடி, பின்பக்கமாகவே வாசலை நோக்கி நடந்தாள்.

"என்னடி நடை இது? திரும்பு."

"நேரமாச்சும்மா."

"திரும்புடீ."

அவள் திரும்பினாள். அம்மா மேல்சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பிளந்து காய்ந்த கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று. உள்ளே சோப்பு வாசனை அடித்தது. வெகுநேரம் அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

"ரொம்பத் தெரியுதாம்மா?" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி.

"வித்தியாசமே தெரியல" என்றாள் அம்மா.

பிறகு மேஜையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்து, மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்து, அந்தக் குழியில் வைத்துச் சட்டையை இறக்கிவிட்டாள். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. அன்று முதல் பட்டதாரி பை எதுவும் தூக்காமல் கையை வீசிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.