ஆறு கேட்ட துணைக் கேள்வி

பாலம் கட்டி முடித்தாயிற்று என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னதற்கு மறுநாள் காலை, ஆறு தன் பாலத்தைத் தேடிக்கொண்டு நாடாளுமன்றத்துக்கே வந்துவிட்டது. அது ஒன்றும் சுவரை உடைத்துக்கொண்டு வரவில்லை. படகுத்துறையிலிருந்து கடைவீதி வழியாக, எதிரே வந்த வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, கணுக்கால் அளவுத் தண்ணீராக நடந்து வந்தது. பார்வையாளர் வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. காவலர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து உள்ளே நுழைந்துவிட்டது. மணியடித்து அவை கூடியபோது, அமைச்சர்கள் வரிசைக்குக் கீழே சின்னச் சின்ன மீன்கள் தம் வீடு போல உலவிக்கொண்டிருந்தன. அன்றைய மாலைப் பத்திரிகை இந்தச் செய்தியை மூன்றாம் பக்கத்தில், உருளைக்கிழங்கு விலை இறங்கிய செய்திக்குக் கீழே போட்டது.

அந்த நகரத்தை ஆறு இரண்டாக வகிர்ந்துகொண்டு ஓடியது. நாடாளுமன்றமும் பெரிய ஆஸ்பத்திரியும் இக்கரையில், வீடுகளில் பாதி அக்கரையில். நடுவில் படகுகள்தான். பாலம் கட்டப் போகிறோம் என்று சொல்லிப் பேருந்துச் சீட்டிலும் சோப்புக் கட்டியிலும் பால வரி என்று ஒன்றைப் போட்டார்கள். மக்களும் முணுமுணுத்துக்கொண்டே கட்டி வந்தார்கள். வரி போட்ட நாளில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி, அவர்கள் பிள்ளைகளும் அதே படகில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் பாலத்துக்கு ஒரு கல்கூட விழவில்லை. வரி மட்டும் மறக்காமல் விழுந்துகொண்டிருந்தது.

நிதியமைச்சர் கெட்டவர் இல்லை. கை சுத்தமானவர். வாய்தான் கொஞ்சம் வழுக்கும். எவ்வளவு குடைச்சலான கேள்வியாக இருந்தாலும் எழுந்து நின்று, கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு, கேட்டவரே கேட்டதை மறந்துபோகிற மாதிரி பதில் சொல்லி உட்கார்ந்துவிடுவார். அவருடைய அந்த வித்தை பலிக்காத ஆள் ஒருவர்தான். அக்கரைத் தொகுதியின் எதிர்க்கட்சி உறுப்பினர். ஒரு காலத்தில் பேருந்து நடத்துநராக இருந்து, பால வரியைச் சீட்டுக்குச் சீட்டு தன் கையாலேயே வசூலித்தவர். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். ஊரில் அவரை அக்கரையம்மா என்பார்கள். நிதியமைச்சருக்கு அவர் மாமியார்.

வீட்டில் அவர்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போனால் மாப்பிள்ளையின் தட்டு காலியாகவே விடமாட்டார் அந்த அம்மாள். திங்கட்கிழமை அவையில் அதே மாப்பிள்ளையை உரித்துத் தொங்கவிடுவார். அவை விதிப்படி ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துப் பேசக்கூடாது, எதையும் சபாநாயகர் மூலமாகத்தான் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்த பிறகு, அதிலிருந்து கிளைத்து வாய்மொழியாக ஒரு துணைக் கேள்வி கேட்கலாம். ஆறு வருவதற்கு முந்தின நாள், பால வரி முழுவதும் செலவிடப்பட்டுவிட்டது என்று அதிகாரிகள் எழுதிக்கொடுத்த பதிலை அமைச்சர் வாசித்து முடித்ததும், அக்கரையம்மா எழுந்தார்.

"சபாநாயகர் அவர்களே, பணமெல்லாம் செலவாயிடுச்சுன்னு அமைச்சர் சொல்றாரு, ரொம்ப சந்தோஷம். பாலம் எங்கேன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அதிகாரிகள் தந்த தாளில் அதற்குப் பதில் இல்லை. பின்வரிசையில் ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டத் தயாராகக் கையை ஓங்கி வைத்திருந்தார்கள். ஓங்கிய கைகளை ஏமாற்ற மனம் வராமல் அமைச்சர் எழுந்து, "பாலம் கட்டி முடிச்சாச்சு. மாண்புமிகு உறுப்பினர் தாராளமா அதுல நடந்து வரலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அதற்குள் மேசைகள் அதிர ஆரம்பித்துவிட்டன.

அமைச்சரின் மனைவி அப்போது அக்கரையில் தாய்வீட்டில் இருந்தார். முந்தின வாரம்தான் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பிறந்த குழந்தை. அப்பா ஒரே ஒருமுறை படகேறிப் போய்ப் பார்த்தபோது, அது தூங்கிக்கொண்டிருந்தது. மறுவாரம் இருவரையும் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. தொட்டில்கூட வாங்கிப் போட்டாயிற்று. மனைவி வானொலியில் அவை நடவடிக்கையைக் கேட்டுவிட்டு அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பாலம் கட்டியாச்சாமே? நல்லதாப் போச்சு. படகுல பச்சைக் குழந்தையோட எதுக்கு அல்லாடணும்? நானும் பாப்பாவும் பாலத்து வழியாவே வந்துடறோம். நீங்க எங்கேன்னு மட்டும் காட்டுங்க." இவர் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். அம்மாவுக்கு ஏற்ற மகள். ஆறு கிளம்பி வந்தது மறுநாள் விடியலில்.

தண்ணீரை வெளியேற்ற இயந்திரம் வைத்து இறைத்துப் பார்த்தார்கள். பின்வாசலில் இறைத்த தண்ணீர் முன்வாசலைச் சுற்றிக்கொண்டு சாவகாசமாக உள்ளே வந்தது. பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டு, பாலம் எங்கே இருக்கிறதோ அதன் கீழே ஓடுவதுதான் ஆற்றுக்கு அழகு, பாலம் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரே இடம் இந்த அவைதான், ஆகவே ஆற்றின் மேல் குற்றம் சொல்ல ஏதுமில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். உறுப்பினர்கள் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு யாராலும் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியவில்லை. வெளிநடப்பு செய்தவர்கள்கூட வாசல் வரை நடந்துவிட்டு, வெளியே காலுக்கு இதமாக இல்லையே என்று திரும்பி வந்தார்கள். வருஷக்கணக்கில் வராதவர்களெல்லாம் வர, அவை நிரம்பி வழிந்தது.

ஆறு கிளம்பிப் போன இடத்தில் வெறும் மணல். ஊரே அங்கே இறங்கிவிட்டது. பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். படகுக்காரர்கள் படகைக் கவிழ்த்துப் போட்டு அதன் நிழலில் தேநீர்க் கடை வைத்தார்கள். எந்தக் காலத்திலோ தண்ணீரில் விழுந்த மோதிரங்களும் மிதிவண்டிகளும், யாரும் உரிமை கோராத ஒரு பல்செட்டும் கிடைத்தன. நிதியமைச்சர் தினமும் சாயங்காலம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து அக்கரைக்குப் போனார். மாமியார் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். நிறுத்தினாரே தவிர உபசாரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. "உன் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேளுடி" என்று மகள் மூலமாகக் கேட்பார். "போதும்னு சொல்லு" என்று இவரும் மனைவி மூலமாகவே சொல்வார். மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சபாநாயகர் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். வீட்டுக்குப் போகலாம் வா என்று அமைச்சர் கூப்பிட்டால் மட்டும், "மணல்ல எதுக்கு நடக்கணும்? அதான் பாலம் இருக்கே" என்பதுதான் பதில். குழந்தை இப்போதெல்லாம் விழித்திருந்தது. அவருடைய விரலை இறுகப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒவ்வொரு நாளும் அந்தப் பிடியிலிருந்து விரலை உருவிக்கொண்டுதான் அவர் கிளம்ப வேண்டியிருந்தது.

வேடிக்கை வேடிக்கையாகவே நீடிக்கவில்லை. கரையோரத் தோட்டங்கள் வாடத் தொடங்கின. குழாய்கள் தண்ணீருக்குப் பதிலாக இருமின. பிரதமர், நாடாளுமன்றக் கட்டடத்தையே பாலம் என்று அறிவித்துச் சட்டம் போட்டுவிடலாம் என்றார். வாசலில் பாலம் என்று பலகையும் மாட்டினார்கள். ஆறு ஒரு சாண் உயர்ந்தது. விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒருநாள் நிதியமைச்சர் சொல்லிப் பார்த்தார். இன்னொரு சாண் உயர்ந்தது. உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்றதும் தண்ணீர் இருக்கையைத் தொட்டுவிட்டது. உண்மையைச் சொன்னால் பதவி போகும் என்று அவருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் தொட்டில் காலியாகவே கிடக்கும் என்பதும் தெரியும். அன்று சாயங்காலம் அக்கரையில், குழந்தை அவர் முகத்தைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தது. அத்தோடு அவருக்குப் பதவி ஆசை விட்டுப் போயிற்று.

மறுநாள் கேள்வி நேரத்தில் அக்கரையம்மா வழக்கம்போல எழுந்து, பாலம் எங்கே என்று சபாநாயகர் மூலமாகக் கேட்டார். நிதியமைச்சர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைத் தடவவில்லை.

"பாலம் இல்லை. கட்டவே இல்லை. நான் சொன்னது பொய்."

மேசையைத் தட்ட ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். பால வரியில் ஒரு பங்கு பழைய கடனுக்கு வட்டியாகப் போனது, ஒரு பங்கு தேர்தலுக்கு முன் சம்பளப் பாக்கி தீர்க்கப் போனது. அதற்கு மேல் சொல்லத் தயங்கினார்.

"மீதி?" என்றார் மாமியார். அவசரத்தில் சபாநாயகர் மூலமாகக் கேட்க மறந்துவிட்டார்.

"மீதியிலதான் அத்தை நாம எல்லாரும் உட்கார்ந்திருக்கோம்."

அவையில் எல்லோரும் குனிந்து தங்கள் இருக்கையைப் பார்த்தார்கள். சிவப்பு வெல்வெட் போர்த்திய, சாய்ந்தால் முதுகை அணைத்துக்கொள்கிற இருக்கைகள். அவற்றை வாங்கும் தீர்மானம் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது என்பது அவைக்குறிப்பில் இருக்கிறது. முதுகுவலிக்காரரான அக்கரையம்மாவே அன்று எழுந்து நன்றி சொல்லியிருந்தார். அது ஞாபகம் வந்ததும் முதலில் சிரித்தவரும் அவர்தான். பிறகு அவையே சிரித்தது, இரண்டு பக்கமும் சேர்ந்து, கண்ணில் நீர் வரும் வரைக்கும்.

தேடி வந்தது கிடைத்துவிட்ட ஆறு, அதற்கு மேல் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றுவது போல இருக்கைகளின் திருகாணிகளைக் கழற்றியது. உட்கார்ந்திருந்தவர்களோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் புறப்பட்டது. கடைவீதியில் ஜனங்கள் இரண்டு பக்கமும் நின்று கையசைத்தார்கள். உறுப்பினர்கள் கட்சி வித்தியாசம் பாராமல் ஒருவர் இருக்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதந்து போனார்கள். எப்போதும் அவையில் தூங்கும் ஒரு மூத்த உறுப்பினர் அன்றும் தூங்கினார், நடு ஆற்றில்தான் விழித்தார். படகுத்துறைக்கு வந்ததும் ஆறு தன் படுகையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. படுத்த சுகத்தில் இருக்கைகளை வரிசையாக அடுக்கிக் கரையிலிருந்து கரைக்கு நிறுத்தியது. உறுப்பினர்கள் எழுந்து பார்த்தார்கள். இருக்கைகள் அசையவில்லை. நடந்தார்கள், தாங்கியது.

ஆனால் அக்கரைப் படியைத் தொட ஒரே ஓர் இருக்கை அளவு இடம் குறைந்தது. படியில் கைக்குழந்தையோடு அமைச்சரின் மனைவி நின்றார். இந்தப் பக்கம் விளிம்பில் அமைச்சர் நின்றார். நடுவில் தண்ணீர் ஓடியது. அந்த நேரத்துக்குச் சபாநாயகரும் தன் உயரமான நாற்காலியில், அமைதி அமைதி என்று மணியடித்தபடி மிதந்து வந்து சேர்ந்தார். அவர் விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர். சபாநாயகர் தன் நாற்காலியை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் எழுந்து நிற்கக்கூடாது என்று விதி இல்லை என்று யோசித்துத் தீர்ப்பளித்துவிட்டு, எழுந்து நின்றார். நாற்காலி அவர் காலடியிலிருந்து நழுவிப் போய் அந்த இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அவரை இரண்டு உறுப்பினர்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

மனைவி பாலத்தில் காலடி எடுத்து வைத்தார். அக்கரையம்மா மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அத்தனை நாள் கழித்து நேராகவே பேசினார். "என்ன மாப்பிள்ளை மரம் மாதிரி நிக்கறீங்க? பிள்ளையைக் கையில வாங்குங்க!" அமைச்சர் வாங்கினார். குழந்தை வழக்கம்போல அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை அவர் அதை உருவவில்லை. அப்படியே வீடு வரை நடந்தார், ஊர் பார்க்க அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே.

அவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது உண்மைதான். தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் தத்தம் இருக்கையிலிருந்து எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி. யாருக்கும் இருக்கை இல்லாததால் யாராலும் அதிலிருந்து எழ முடியவில்லை. இருக்கைகள் வாங்கும் வரை தீர்மானத்தைத் தள்ளிவைப்பதாகச் சபாநாயகர் அறிவித்தார். இருக்கைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கும் துணிச்சல் அன்றிலிருந்து இன்றுவரை எந்தக் கட்சிக்கும் வரவில்லை. அவை இப்போது மரப் பலகைகளில் உட்காருகிறது. முதுகு வலிப்பதால் பேச்சுகள் சுருங்கிவிட்டன. பால வரியை நிதியமைச்சர் அந்த வருஷமே நீக்கினார். பிறகு இரண்டு தேர்தல்களில் ஜெயித்து, மூன்றாவதில் தோற்று, வீட்டில் நிம்மதியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் வீட்டு விருந்துக்குப் பாலத்தில் நடந்தே போகிறார். அவர் மகள் தத்தித் தத்தி நடக்கப் பழகியது அந்த வெல்வெட்டில்தான். முதல் தடவை தடுக்கி விழுந்தது அப்பாவின் பழைய இருக்கையில்.

ஆறும் நாடாளுமன்றத்தை அடியோடு மறந்துவிடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, நிதித்துறை மீதான கேள்வி நேரத்தன்று, கடைவீதி வழியாகக் கொஞ்சம் தண்ணீர் நடந்து வருகிறது. இப்போது இருக்கும் காவலர் அதற்கு முறைப்படி நுழைவுச் சீட்டு கொடுக்கிறார். பெயர் என்ற இடத்தில் ஆறு என்றும், பார்க்க வேண்டியவர் என்ற இடத்தில் நிதியமைச்சர் என்றும் அவரே எழுதிவிடுகிறார். அது உள்ளே வந்து, கேள்விகளையும் பதில்களையும் கடைசிவரை கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போகிறது. அன்று மட்டும் உறுப்பினர்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிறார்கள்.