முதல் ஊசி

சுருட்டிய டவலை அப்பாவின் தாடைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது. "முப்பத்தொம்பது. முப்பத்தொம்பது யாருங்க?" அவள் கை ஒரு நொடி நின்றது. முப்பத்தொன்பதாவது ஆளைக் கைபிடித்துக் கூட்டிப் போய் ஊசி போடும் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டியவள் அவள். காலையிலிருந்து அதுதான் வேலை. டவல் நிற்காமல் நழுவியது. எடுத்து மறுபடி இறுக்கமாகச் சுருட்டினாள்.

அந்த முதியோர் இல்லத்தில் அவள் எல்லோருக்கும் சிஸ்டர். மூன்று வருடத்துக்கு முன்னால் அங்கேயே வந்து சேர்ந்த அப்பாகூட நாலு பேர் முன்னால் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். தனியாக இருந்தால் பாப்பா. நாற்பத்தாறு வயதுப் பாப்பா.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "தூக்கத்துலயே போயிருக்காரு. அரை மணி நேரம் இருக்கும். காலையில நாடி பாத்தப்பவே எனக்குச் சரியாப் படல, சிஸ்டர்," என்றார். அவள் தலையாட்டினாள். அழுகை வரவில்லை, கூடத்தில் ஆள் காத்திருப்பது அதற்கும் தெரிந்த மாதிரி.

மேனேஜர் கட்டிலைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணேகால். ஒண்ணரைக்கு ஊசிக்காரங்க வண்டி கிளம்பிடும். தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். அதுவரைக்கும் இந்தக் கதவு சாத்தியே இருக்கட்டும். எல்லாரும் ஊசி போட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

கல்நெஞ்சக்காரர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அடுத்த தெருவில் இதே மாதிரி இன்னொரு இல்லம். போன மாதம் வைரஸ் அதற்குள் நுழைந்தது, பதினோரு பேர் போய்விட்டார்கள். ஒவ்வொரு ஆம்புலன்ஸாக ஜன்னலில் நின்று எண்ணிய இந்த இல்லத்துப் பெரியவர்கள், கடைசியில் எண்ணுவதை விட்டுவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்கள். இங்கே பெரியவர்கள் ஐம்பத்து நாலு, வேலை பார்ப்பவர்கள் பதினாறு, ஆக எழுபது. முப்பத்தெட்டு எண் முடிந்திருந்தது. மீதிப் பேரில் முக்கால்வாசி வேண்டுமென்றே பின்னால் எண் வாங்கியவர்கள், முன்னால் போனவர்களுக்கு என்ன ஆகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர்கள். இன்றைக்கு விட்டால் ஊசிக்காரர்கள் அடுத்து வர ஐந்து வாரம் ஆகும்.

முதல் ஊசி போட்டுக்கொண்ட அம்பயர் ரெண்டு மணி நேரத்தில் போய்விட்டார் என்ற ஒரு வரி அந்தக் கூட்டத்தின் காதில் விழுந்தால் போதும். கூடத்தில் நாற்காலிதான் மிஞ்சும்.

அம்பயர் என்றது அப்பாவைத்தான். இளவயதில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுகளுக்கு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றவர். இங்கே வந்த பிறகும் அந்த உத்தியோகம் அவரை விடவில்லை. டி.வி.யில் எந்தச் சேனல், கேரம் போர்டில் யார் அழுகுணி ஆட்டம் ஆடினார், ஃபேனை எத்தனையில் வைப்பது என்று எல்லா வழக்கும் அவரிடம்தான் வரும். அவர் விரலைத் தூக்கினால் தீர்ந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று பேர்.

அந்த மனுஷன்தான் இன்று காலையில் கூடத்தையே ஏமாற்றிவிட்டு வந்து படுத்திருந்தார். அவருக்கு ஊசி போடவே இல்லை.

ஆரம்பம் போன வாரம். எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து அவள் தடுப்பூசியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, அப்பாவோடு ஒரே அறையில் இருந்த டெய்லர் எழுந்து நின்றார். "எல்லாம் சரி சிஸ்டர். நீங்க போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்குவேன் மாமா," என்றாள். ஆனால் எச்சில் விழுங்கிவிட்டுத்தான் சொன்னாள். ஆயிரம் கைகளில் ஊசி குத்தியவளுக்கு, இந்தப் புது ஊசி தன் கையில் இறங்குவதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஃபோனில் வந்த கண்டதையும் படித்துத் தொலைத்திருந்தாள். பயம்தான், அதற்கு வேறு பேர் வைக்க வேண்டாம். பட்டியல் எழுதும்போது தன் பேரைக் கடைசியில், எழுபதாவதாகப் போட்டுக்கொண்டாள். "முதல்ல பெரியவங்க முடியட்டும்" என்று கேட்டவர்களிடம் சொன்னாள். கேட்பதற்கும் நன்றாகத்தான் இருந்தது.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு மிடறு எச்சிலை அவர் பார்த்துவிட்டிருந்தார். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் தட்டைக் கரண்டியால் தட்டி, "முதல் ஊசி எனக்கு. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீங்கல்லாம் வாங்க. ஆச்சுன்னா என் பங்குப் பழத்தை டெய்லருக்குக் குடுத்துடுங்க," என்றார். மேஜையே சிரித்தது.

இன்று காலை திரைக்குப் பின்னால் டாக்டர் அவருக்குப் பிரஷர் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். "இன்னிக்கு ஊசி வேண்டாங்க. ரொம்ப இறங்கியிருக்கு. போய்ப் படுங்க, சாயங்காலம் இசிஜி எடுத்துப் பாத்துடலாம்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அப்பா சட்டைக் கையை இன்னும் மேலே ஏற்றினார். "பாப்பா, ஒரு பஞ்சு வச்சு பிளாஸ்டர் ஒட்டு."

"என்னப்பா பேசறீங்க."

"போட்டுக்காம வெளிய போனேன்னா ஒருத்தன் வரமாட்டான். அம்பயருக்கே வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லிக்கிட்டு ரூமுக்குப் போயிடுவானுங்க. அடுத்த தெருவை நெனச்சுப் பாரு. ஒட்டு."

அவள் ஒட்டினாள். அப்பா வெளியே போய்க் கையைத் தூக்கிக் காட்டினார். கூடம் கைதட்டியது. வரிசை தானாக நின்றது. மாலை போட்டு உட்காரவைக்காத குறை. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து வந்தவர் போனவரையெல்லாம் கேலி செய்துவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று எழுந்து போனார். அந்த மனுஷனைப் பொய் சொல்ல வைத்தது அவளுடைய பயம். அது இப்போது கட்டில் பக்கத்தில் நிற்கவிடாமல் அவளை அரித்தது.

"சரி சார். ஒண்ணரை வரைக்கும்," என்றாள் மேனேஜரிடம். அப்பாவின் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டாள்.

"யாராவது நேரா கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன் சிஸ்டர்," என்றார் டாக்டர்.

கூடத்தில் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. நாற்பதைக் கூப்பிட்டாள், உட்காரவைத்தாள், எழுப்பினாள். நாற்பத்தொன்று. தன் குரல் யாரோ பேசுவது போல வழக்கமாகவே வருவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சமையல்காரர் ஏப்ரனோடு வந்து சுவரில் சாய்ந்து நின்றார். "எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க சிஸ்டர். அம்பயர் ஐயா எழுந்து வரட்டும். பாத்துட்டுப் போட்டுக்கறேன்."

"தூங்கறாரு," என்றாள்.

"நாப்பத்திரெண்டு," என்றாள் ஊசி போட வந்திருந்த இளம் நர்ஸ், அடுத்த டோஸை இழுத்தபடி.

நாற்பத்திரண்டு டெய்லர். எழுந்தார், ஆனால் திரைப் பக்கம் போகாமல் தாழ்வாரப் பக்கம் திரும்பினார். "கண்ணாடியை ரூம்ல விட்டுட்டேன். அப்படியே அவனையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"நான் எடுத்துட்டு வரேன் மாமா, நீங்க உட்காருங்க." அவள் கிட்டத்தட்ட ஓடினாள். அவர் வருவதற்குள் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

டெய்லர் மூச்சு வாங்க வந்து நின்றார். அகலமான ஆள், தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு நின்றார். "என் ரூமுக்குப் போக எனக்கு என்னம்மா தடை?"

"தூங்கறாரு மாமா. எழுப்ப வேண்டாம்."

"அவன் பகல்ல தூங்கமாட்டானே."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் மேனேஜர் நின்று வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். அவர் போய் உட்கார்ந்து ஊசியும் போட்டுக்கொள்வார், சாயங்காலம் இந்தக் கதவைத் திறந்து பார்ப்பார். அப்புறம் ஆயுசுக்கும் அவள் முகத்தில் விழிக்கமாட்டார். அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

டெய்லர் பார்த்தார். தன் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"ஊசி போடல மாமா," என்றாள். "பிரஷர் ரொம்பக் குறைவா இருந்துச்சு, டாக்டர் வேண்டாம்னுட்டாரு. நீங்கல்லாம் திரும்பிப் போயிடுவீங்கன்னு அப்பாதான் பிளாஸ்டர் ஒட்டச் சொன்னாரு. நான் ஒட்டினேன்."

அவர் எழுந்து, ஜன்னல் விளிம்பிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் வைத்து, பிளாஸ்டரை நகத்தால் நெம்பி, தோல் இழுபடாமல் உரித்தார். பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். நாற்பது வருடம் ஊசியோடு குடித்தனம் நடத்தியவர்.

"குத்தவே இல்ல," என்றார். பிறகு பிளாஸ்டரை இருந்த இடத்திலேயே ஒட்டி, ஓரங்களை நீவிவிட்டார். "எங்கிட்டகூட சொல்லலையே படுபாவி. பக்கத்துக் கட்டில்லதானே படுத்திருக்கேன்." குரல் உடைந்துபோனது. அந்தக் கையை விடவில்லை. "எதுக்கும்மா இப்படிப் பண்ணான்?"

"எனக்குப் பயம் மாமா. ஊசி போட்டுக்க. அன்னிக்கு நீங்க கேட்டப்போ அப்பா பாத்துட்டாரு."

டெய்லர் நிமிர்ந்தார். "பாக்காதவங்க யாரு? கூடத்துல இருந்த அத்தனை பேரும்தான் பாத்தோம். அதனாலதானே ஒருத்தரும் முன்னால வரல."

யாரோ பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. இந்த ஒரு வாரமாக எல்லோருக்கும் தைரியம் சொல்லித் திரிந்ததை நினைத்துக் கூசிப்போனாள். பட்டியலில் தன் பேரைக் கடைசியில் எழுதியதைப் பெருந்தன்மை என்று யாராவது நம்புவார்கள் என்று எப்படி நினைத்தாள். அப்படியே கூடத்துக்கு நடந்தாள். மேனேஜர் ஏதோ சொல்ல வந்து வழி விட்டார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க," என்றாள். "அப்பா போயிட்டாரு. பதினொரு மணிக்கு முன்னாலயே. அவருக்கு ஊசி போடல. பிரஷர் சரியில்லைன்னு டாக்டர் நிறுத்திட்டாரு. நான் வெறும் பிளாஸ்டர் ஒட்டி உங்க முன்னால அனுப்பினேன். இப்போ தூங்கறாருன்னு சொன்னதும் பொய்தான்."

டி.வி.யை யாரோ அணைத்தார்கள். முதல் வரிசையில் இருந்த டீச்சரம்மா கேட்டார்: "அப்போ காலையிலேர்ந்து எங்களையெல்லாம் முட்டாளாக்கியிருக்கீங்க."

"ஆமாம்மா."

டாக்டர் எழுந்து, அவள் சொல்வது உண்மை, நான்தான் ஊசி வேண்டாமென்றேன் என்று சொன்னார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து தங்கள் அறைக்குப் போனார்கள். இன்னொருவர் போனார். சமையல்காரர் ஏப்ரனை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு சுவரை விட்டு நகர்ந்தார். மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. மருந்து இழுத்த சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு இளம் நர்ஸ் முழித்தாள். "இதை ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது சிஸ்டர். நாப்பத்திரெண்டு வருவாரா, மாட்டாரா?"

"எனக்குப் போடுங்க."

"உங்களுக்கு எழுபதுல்ல?"

"தெரியும்."

திரைக்குப் பின்னால் இருந்த நாற்காலியை வெளியே இழுத்து வந்து கூடத்தின் நடுவில் போட்டாள். உட்கார்ந்து சட்டைக் கையை ஏற்றினாள். இப்போதும் பயமாகத்தான் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஊசி இறங்கியது.

எழுந்திருக்கப் போனவளை இளம் நர்ஸ் தோளில் கைவைத்து உட்காரவைத்தாள். "பதினஞ்சு நிமிஷம் உட்காரணும் சிஸ்டர். உங்களுக்கும் அதே ரூல்தான்." காலையிலிருந்து முப்பது நாற்பது பேரிடம் அவளே சொன்ன வாக்கியம். ஊசிக்குப் பிறகு ஏதாவது ஆகிறதா என்று பார்க்க வேண்டிய பதினைந்து நிமிடம்.

அறைக்குப் போகவேண்டும் என்று இருந்தது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும். கதவுகூடத் திறந்தபடி கிடக்கிறது. இப்போதுதான் அழுகை வந்தது. ஆனால் அத்தனை கண்களும் அவள் மேல்தான் இருந்தன. மூச்சு வாங்குகிறதா, வியர்க்கிறதா, முகம் வீங்குகிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருவர் தாழ்வாரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். இப்போது உதடு துடித்தாலும் ஊசி வேலையைக் காட்டிவிட்டது என்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. கன்னம் தானாக நடுங்க ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை.

டெய்லர் தாழ்வாரத்திலிருந்து வந்தார். கூடத்தை ஒரு தடவை பார்த்தார், அவளைப் பார்த்தார். "மாமா, உங்க நம்பர்," என்றாள் அவள், எப்படியோ.

"எங்கயும் ஓடிடாது. உனக்குப் பதினஞ்சு நிமிஷம் ஆகட்டும், அப்புறம் எனக்கு."

ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்கு நேர் எதிரே, முழங்கால் முட்டும் அளவுக்கு நெருக்கமாகப் போட்டு, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவளுக்கு அவர் சட்டை மட்டும்தான் தெரிந்தது. கூடமும் கண்களும் காணாமல் போய்விட்டன. அவர் அவளைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

"நாப்பத்திமூணு," என்று பின்னால் கூப்பிடுவது கேட்டது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்கள். யாரோ இருமினார்கள். பிறகு ஒரு நாற்காலி தரையில் உரசி நகர, ஒரு கைத்தடி மெல்ல, நின்று நின்று, திரைப் பக்கமாகத் தட்டிக்கொண்டு போனது. யார் என்று டெய்லர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அசைந்தால் இந்தப் பக்கம் தெரிந்துவிடும்.