இரண்டாவது சாட்சி

"உலைக் கதவு எந்தப் பக்கம்டா திறக்கும்?" என்று லாவ்ரின் கேட்டார். தினீப்ரோ நகரில் ஓர் அரசு அலுவலகத்தின் நான்காவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. படியேறி வந்த இளைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. பக்கத்தில் யூஹிம் கண்ணை இறுக்க மூடி யோசித்தார்.

"ஆத்துப் பக்கம்."

"ஆறு எங்கடா இருந்துச்சு அங்க? அது கழிவுக் குட்டை."

"மைதானத்துலேர்ந்து பாத்தா தண்ணி மின்னும். ஆறுன்னே நெனச்சிட்டேன்."

"கேட்டியா நாஸர், பதினாலு வருஷம் எங்கூட உலையில வெந்தவன் பேச்ச!" லாவ்ரின் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை.

யூஹிம் எங்கள் ஊர் தெரெனிவின் 'கொவால்' கால்பந்து அணியின் பழைய கோல்கீப்பர். சோவியத் காலத்தில் பந்து விளையாடுவது வேலையாகாது. அதனால் பதினொரு பேரும் ஆலையின் ஆட்களாகவே பதிவாகியிருந்தார்கள். பார்த்த வேலையெல்லாம் பதியும் யூஹிமின் வேலைப் புத்தகத்தில் 'கற்கரி உலைக் கதவுத் தொழிலாளி, ஐந்தாம் தரம்' என்றிருக்கும். நிஜமாகவே அந்தக் கதவைத் திறந்து, புகையைக் குடித்து, ஞாயிற்றுக்கிழமை யூஹிமுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர் லாவ்ரின். அவருடைய புத்தகம் போரில் வீட்டோடு எரிந்துவிட்டது. ஆலையின் ஆவண அறையும் குண்டில் போயிற்று. ஊரே இப்போது காலி. உலைத் தொழிலாளர்களுக்கான நுரையீரல் மருத்துவமனையில் படுக்கை வேண்டுமானால், அதே உலையில் அதே வருடங்களில் வேலை செய்ததாகப் புத்தகம் வைத்திருக்கும் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். ஒருவர் போலந்திலிருந்து கடிதம் அனுப்பிவிட்டார். தேடித் தேடிப் பார்த்ததில் கிடைத்த இன்னொரு புத்தகம் யூஹிமுடையது மட்டும்தான். படுக்கை கிடைக்காவிட்டால் லாவ்ரின் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

உள்ளே இருந்த அதிகாரிப் பெண் புத்தகத்தைப் பிரித்தாள். பெயரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"கொவால் யூஹிமா? ஐயோ, எங்கப்பா உங்க பேரச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டுவாரு! நானும் தெரெனிவ்தான், மூணாவது காலனி."

யூஹிம் கூச்சத்தோடு சிரித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கதவு எந்தப் பக்கம் என்று இவள் கேட்கப்போவதில்லை. முத்திரையைக் கையில் எடுத்துவிட்டாள்.

"போன மாசம் அப்பா ஃபோன்ல ஒண்ணு அனுப்புனாரு. கொவால் வரலாறு, யாரோ நம்ம ஊர்ப் பையன் எழுதுனது. ராத்திரி பூரா அழுதுக்கிட்டே படிச்சேன். அதுல நீங்க..."

அவள் நிறுத்தினாள். முத்திரை மேசைக்கு மேலே அப்படியே நின்றது.

அந்த வரி எனக்கு மனப்பாடம். 'பதினாலு வருடத்தில் யூஹிம் உலைப் பக்கம் போனது ஒரே நாள், புகைப்படம் எடுக்க. அன்றைக்கும் தொப்பி தீய்ந்துபோனதுதான் மிச்சம்.' இணையத்தில் அறுநூறு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். ஊரிழந்த ஜனங்கள் ஒரு நிமிடம் சிரிக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

"நான் அதப் படிக்காமலே இருந்திருக்கலாம்," என்றாள் அவள், மெல்ல. "இங்க எங்கூட வேல செய்யிற ரெண்டு பேரு தெரெனிவ்காரங்க. அவங்களும் படிச்சிருக்காங்க. நான் முத்திர குத்துனா நாளைக்கே கேள்வி வரும், பெரியவரே."

புத்தகத்தை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

வராந்தாவுக்கு வந்தோம். பிறகு லாவ்ரின் என் முழங்கையைப் பிடித்தார். "அத எழுதுனது நீதானடா?"

"ஆமா மாமா."

"தொப்பி தீயல. அது என் தொப்பி. இவனுக்குப் போட்டுவிட்டதே நான்தான். நல்லாத்தான் இருந்துச்சு." மூச்சு வாங்கினார். "அதையும் எழுதியிருக்கலாம்ல?"

இறங்கத் தொடங்கினோம். நாலு படிக்கு ஒருமுறை லாவ்ரின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முறையும் யூஹிம் அவருக்கு இரண்டு படி கீழே போய்த் திரும்பி நின்று, வீங்கிய முழங்கால்களை மடக்கி, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு காத்திருந்தார்.