எலுமிச்சங்கன்றுக்கு வந்தவை

மருந்தடிப்பவர் ஓய்வுபெற்ற நான்காம் மாதம், அவர் கொன்ற பூச்சிகளெல்லாம் அவருடைய தோட்டத்து எலுமிச்சங்கன்றுக்கு வந்து சேர ஆரம்பித்தன. கன்று இடுப்புயரம்கூட இல்லை. தண்ணீர் ஊற்றக் குனிந்தவர் இலைகளின் அடியில் பதினொரு கரப்பான்களைக் கண்டார், பார்த்ததுமே அடையாளமும் தெரிந்தது: வேலைக்குச் சேர்ந்த வாரம் ஒரு விடுதிச் சமையலறையில் அடித்தவை. மறுநாள் நூலகத்துக் கரையான்கள் வந்தன. அதற்கடுத்து ஆஸ்பத்திரிக் கட்டில்களின் மூட்டைப்பூச்சிகள், பிறகு சாக்கடையோரத்துக் கொசுக்கள். அவர் வேலை பார்த்த வரிசை கொஞ்சமும் பிசகவில்லை. எதுவும் இலையைத் தின்னவில்லை, யாரையும் கடிக்கவில்லை. நெடுந்தூரம் நடந்து வந்தவர்களைப்போலச் சும்மா உட்கார்ந்திருந்தன. கன்றும் வளையவில்லை.

"எத்தனை வருஷம் அடிச்சீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"இருபத்தாறு."

"அப்ப இன்னும் வரும்," என்றவள் துணிக்கொடியை அவிழ்த்து எதிர்ப்பக்கம் கட்டினாள்.

மகள் வேலைக்குத் திரும்பும்போது கைக்குழந்தையைப் பகலில் இவர்களிடம் விடுவதாகப் பேச்சு. மருமகன் வந்து கன்றைப் பார்த்தார். "மாமா, ஒரே ஒரு தடவை அடிச்சு விட்டுடுங்க. இல்லன்னா குழந்தைய இங்க விட முடியாது," என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. மறுநாள் காலை மருந்தடிப்பவர் மருந்தைக் கலக்கி, பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க மத்தியானம்வரை கன்றின் முன்னால் நின்றார். பிறகு பம்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஓடியிருந்தா கை தானா அடிச்சிருக்கும். ஒண்ணும் ஓடல," என்றார் மனைவியிடம்.

மருமகனுக்குப் போன் செய்து, "என்னால முடியல, மாப்ள. அலுத்துப்போச்சு," என்று மட்டும் சொன்னார். குழந்தை காப்பகத்துக்குப் போனது. மனைவி இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். வேறு ஆள் வைத்து அடிக்கட்டுமா என்று மருமகன் கேட்டதற்கும் அவர் சம்மதிக்கவில்லை.

காப்பகத்தில் விட்ட மூன்றாம் மாதம் மகள் குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். காப்பகத்துக் கொசு கடித்து, குழந்தையின் முகமெல்லாம் தடித்திருந்தது. அவளும் சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருந்தது.

"இங்க எதுவும் கடிக்காதுல்லம்மா?"

"கடிக்காது. எல்லாம் ரொம்பக் களைச்சுப்போய்க் கெடக்கு," என்றாள் தாய். பிறகு கணவரைப் பார்த்து, "அப்படியே நிக்காம குழந்தைய வாங்குங்க," என்றாள்.

அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கன்றின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்று பள்ளிக்கூடத்துக் குளவிகளின் முறை. பத்து மணிவாக்கில் அவை வந்தபோது, நாற்காலியைச் சற்று நகர்த்தி வழிவிட்டார்.