பதினேழாம் நம்பர் செடி

ஊரடங்கு தொடங்குவதற்கு முந்தின நாள் தெரசா பெங்களூரிலிருந்து ஊர் வந்து சேர்ந்தபோது அவள் கையில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் துணிமணியும் மடிக்கணினியும். இன்னொன்றில் இருபத்து நான்கு காகித உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ரகத் தக்காளி விதை. இலைச்சுருட்டை நோயைத் தாங்கி நிற்கிற ரகம் ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுடைய வேலை. நிலையத்தைப் பூட்டிவிட்டால் ஒரு பருவமே வீணாகிவிடும் என்று திட்டத் தலைவி நிர்மலாதேவியிடம் போனிலேயே அனுமதி வாங்கி எடுத்து வந்திருந்தாள்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது அவர்கள் கிராமம். அப்பா செபாஸ்டின் கிணற்றை ஒட்டிய கால் ஏக்கரை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். மே மாதம் நாற்று விட்டு ஜூனில் நட்டார்கள். ஒவ்வொரு ரகத்தையும் மூன்று இடங்களில் கலைத்து நட்டு, எண் எழுதிய வெள்ளைச் சீட்டைக் குச்சியில் செருகி வைத்தாள். அந்த நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. அதனால் கால் ஏக்கரில் மட்டும் ஒரு சொட்டு மருந்துகூட விழக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

“மருந்தடிக்காம தக்காளியா?” என்றார் செபாஸ்டின்.

“நோவு வரட்டும்ப்பா. வந்தாத்தான் எது தாங்குதுன்னு தெரியும்.”

முப்பது வருஷமாகத் தக்காளி வைக்கிறவர் அவர். செடிக்கு நோய் வரட்டும் என்று காத்திருப்பதும் ஒரு உத்தியோகமா என்பதுபோல் அவளைப் பார்த்துவிட்டுப் போனார்.

காலை ஆறு மணிக்கு வயலில் இறங்கி, இலைகளைத் திருப்பித் திருப்பி அடியில் எத்தனை ஈ என்று எண்ணுவாள். ஒன்பது மணிக்குக் குளித்துச் சாப்பிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அந்த வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருந்த இரண்டடி நிழல் மட்டுந்தான். காலி தக்காளிக் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, வெயில் நகர நகர அவளும் நகர்ந்துகொண்டிருப்பாள். கூட்டம் நடக்கும்போதே கீழேயிருந்து அம்மா ரோசம்மாவின் குரல் வரும். “சும்மாதான உக்காந்திருக்க, அங்க காயுற மொளகாவக் கொஞ்சம் கிண்டி உடு.” மைக்கை அணைக்க மறந்த ஒருநாள் அதை மற்ற ஐந்து விஞ்ஞானிகளும் கேட்டார்கள். தமிழ் தெரிந்த இரண்டு பேர் மட்டும் சிரித்தார்கள்.

ஊர்க்காரர்களுக்கு அவளிடம் ஒரே கேள்விதான் இருந்தது. பக்கத்து நிலத்து மாதையன் வரப்பில் நின்றபடி வாரம் ஒருமுறை கேட்பார்.

“பாப்பா, கொரோனாவுக்கு மருந்து எப்பத்தான் வரும்?”

“நான் தக்காளிக்குப் பாக்கறவ மாமா.”

“செரி, தக்காளிக்காச்சும் கண்டுபுடிச்சிட்டியா?”

ஜூலையில் நிலையத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தொற்றுக் காலத்துச் சிக்கனம் கருதி, இந்தப் பருவத்தில் முடிவு காட்டாத திட்டங்களின் ஒப்பந்தப் பணியிடங்கள் செப்டம்பருக்குமேல் நீட்டிக்கப்படமாட்டா. தெரசா ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில்தான் இருந்தாள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மாவிடம் அதைச் சொன்னாள். ரோசம்மா, “அப்பவே பாங்கு பரீச்ச எழுதுன்னு சொன்னேன்” என்று மட்டும் சொன்னாள். வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த செபாஸ்டின் காதிலும் அது விழுந்தது.

அதே வாரம் நோய் வந்தது. நுனி இலைகள் கிண்ணம்போல் மேல்நோக்கிச் சுருண்டன, ஓரம் மஞ்சளித்தது, செடிகள் முழங்கால் உயரத்தோடு நின்றுபோயின. வரிசை வரிசையாகச் சுருள்வதைக் குறித்துக்கொண்டே வந்தாள். பதினேழாம் நம்பர் மட்டும் கொஞ்சம் தேவலையாகத் தெரிந்தது. அன்று சாப்பிடும்போது வாய்விட்டே சொன்னாள்.

“இனிமே எல்லாம் பதினேழாம் நம்பர் கையிலதான் இருக்கு. அது நின்னா நானும் நிப்பேன்.”

அது நின்றது. மூன்று வாரத்தில் இருபத்து மூன்று ரகங்களும் சுருண்டு குட்டையாகிப்போக, பதினேழு மட்டும் நட்ட மூன்று இடத்திலும் தளதளவென்று பூத்து நின்றது. இலைக்கடியில் ஈயே இல்லை. தெரசா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். இலையின் அடிப்பக்க ரோமம் மற்ற ரகங்களைவிட அடர்த்தியாக இருப்பதாகப் பட்டது. ரோமத்தால்தான் ஈ அண்டவில்லை என்று நான்கு பக்கம் எழுதினாள். எழுத எழுத அது உண்மையாகிக்கொண்டே வந்தது. கூட்டத்தில் படங்களைக் காட்டியபோது, நிர்மலாதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அந்த வாரமே அறிக்கை மேலிடத்துக்குப் போனது.

அடுத்த புதன்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டத்தின் நடுவில் மின்சாரம் போனது. கூடவே சிக்னலும் போனது. சரி, இன்னொருமுறை ஈ எண்ணிவிட்டு வரலாம் என்று தெரசா வயலுக்கு நடந்தாள்.

அவளுடைய கால் ஏக்கருக்குள் செபாஸ்டின் குந்தியிருந்தார். இடது கையால் வெள்ளைச் சீட்டைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். வலது கையில் சின்னக் கைத்தெளிப்பான். பக்கத்துச் செடிமேல் படாமல் ஒரு அட்டையை ஊன்றி மறைத்துவிட்டு, ஒவ்வொரு இலையாகத் தூக்கி அடிப்பக்கம் தெளித்தார். அத்தனை பக்குவமாக அவர் எதையும் செய்து அவள் பார்த்ததில்லை.

“எத்தன நாளாப்பா?”

அவர் எழுந்திருக்கவில்லை. “வாரத்துக்கு ரெண்டு தரம். நீ மாடிக்குப் போனப்புறம்.”

“அடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல.”

“மத்ததுக்கு அடிக்கல. இதுக்கு மட்டுந்தான்.” தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டு, “இது நின்னா நீயும் நிப்பேன்னு சொன்னியே பாப்பா” என்றார்.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. சீட்டைப் பிடித்திருந்த அந்தக் கையின் மேல் மருந்து வழிந்து காய்ந்திருந்தது. “கையக் கழுவுங்க” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் நிர்மலாதேவியைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

“அறிக்கை போயாச்சு தெரசா,” என்றார் அவர். “உன் ஒருத்தி வேலை மட்டும் இல்ல, இதுல நாலு பேர் இருக்காங்க. அடுத்த பருவம் திரும்ப நட்டுப் பாரு. நிக்கலைன்னா, நிக்கலைன்னு அப்ப எழுதிக்கலாம். உங்க அப்பா என்ன செஞ்சார்னு நான் கேக்கவும் இல்ல, நீ சொல்லவும் இல்ல.”

முதல் அறிக்கை தவறு என்று அன்றே ஒரு மின்னஞ்சல் எழுதினாள். ஐந்து வரிதான். அனுப்பாமல் வைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் போனது. பதினோராம் நாள் ஒப்பந்தத்தை இரண்டு வருஷத்துக்கு நீட்டித்து ஆணை வந்தது. ரோசம்மா குழம்புக்குக் கோழி வாங்கிவரச் சொன்னாள். செபாஸ்டின் சாப்பிட்டு முடிக்கும்வரை மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

அதோடு போயிருந்தால் அவர்கள் இரண்டு பேருக்குள் முடிந்திருக்கும். ஆனால் மாதையன் வரப்பில் நின்று அந்த மூன்று பச்சைத் திட்டுகளையும் பருவம் பூராவும் பார்த்துக்கொண்டிருந்தவர். நிலையம் இன்னும் முழுதாகத் திறக்காமல் தெரசா ஊரிலேயே இருந்த ஜனவரியில் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“செபாஸ்டீனு, அந்தப் பதினேழாம் நம்பரு வெதை கொஞ்சம் குடுப்பா. அரை ஏக்கரு போட்டுப் பாக்கறேன். மருந்துக்குக் கொட்டிக் கொட்டியே ஓஞ்சிபோயிட்டேன்.”

செபாஸ்டின் மகளைப் பார்த்தார். சொல்வதாக இருந்தால் அவள் சொல்லட்டும் என்று அவர் இருந்தார். அவர் செய்ததை அவர் சொல்லட்டும் என்று அவள் இருந்தாள்.

“அது இன்னும் சோதனையிலதான் இருக்கு மாமா,” என்றாள் தெரசா.

“உங்க ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாங்கன்னு ரோசம்மா சொல்லுச்சே.”

“எதுக்கும் நீங்க மருந்து அடிச்சிக்கோங்க.”

மாதையன் சிரித்தார். “மருந்தடிக்கறதுன்னா எங்கிட்ட இருக்கற வெதையே போதுமே பாப்பா.”

உள்ளே போய், பதினேழின் பழங்களிலிருந்து எடுத்து வைத்திருந்த விதை உறையைக் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான்.

பிப்ரவரியில் நட்டார். மார்ச் வெயிலில் ஈ வந்தது. ஏப்ரலில் அரை ஏக்கரும் சுருண்டது. பயந்துபோய் அவர் மருந்தை வாங்கி அடித்தபோது காலம் கடந்திருந்தது. சுருண்ட செடியைத் திருப்புகிற மருந்து எதுவும் கிடையாது. இரண்டாம் அலை வந்து மறுபடி ஊரடங்கு போட்ட வாரம், மாதையனும் அவர் மனைவியும் செடிகளைப் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தார்கள். பச்சைச் செடி சரியாக எரியாமல் புகை மொட்டை மாடிவரைக்கும் வந்தது. தெரசா கூட்டத்தில் இருந்தாள். கேமராவை அணைத்துவிட்டு இருமினாள்.

மறுநாள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு மாதையன் வாசலில் வந்து நின்றார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துத் தெரசா எழுந்து வாசலுக்குப் போனாள்.

“நான்தான் எங்கியோ தப்பு பண்ணிட்டேன் பாப்பா,” என்றார். “தண்ணி ஜாஸ்தியா வுட்டுட்டேனா, ஒரம் பத்தலியா, ஒண்ணும் வெளங்கல. உங்க வூட்டுதுல அப்படி நின்னுச்சே. என்னா பண்ணீங்கன்னு சொன்னா அடுத்த தபா நானும் பண்ணுவேன்.”

செபாஸ்டின் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். அரிவாள் நின்றது.

“இந்த வருஷம் ஈ ரொம்ப ஜாஸ்தி மாமா,” என்றாள் தெரசா.

“அது என்னமோ வாஸ்தவந்தான்,” என்று மாதையன் தலையாட்டினார். இவ்வளவு படித்தவள் சொல்கிறாள் என்கிற ஆறுதல் அவர் முகத்தில் தெரிந்தது. ஊரடங்கு எடுத்ததும் ஓசூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போகப் போவதாகவும், நிலத்தை இந்த வருஷம் சும்மா போடப் போவதாகவும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மாதையனின் அரை ஏக்கர் பற்றி மறைக்க முடியாது என்று அவள் நிர்மலாதேவிக்கு எழுதினாள். மறைக்கவே வேண்டாம் என்று பதில் வந்தது. கூடவே அறிக்கையின் வரைவும் வந்தது. பதினேழாம் ரகம் ஒரு விவசாயியின் நிலத்தில் தோல்வி கண்டது. காரணம், விவசாயியின் பராமரிப்புக் குறைபாடு. கீழே அவளுடைய பெயர், கையெழுத்துக்கு இடம்.

தெரசா அதை இரண்டு முறை படித்தாள். ‘குறைபாடு’ என்பதை அழித்து ‘போதாமை’ என்று மாற்றினாள். பிறகு அதையும் பழையபடியே மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

கீழே இறங்கி வந்தபோது செபாஸ்டின் படிக்கட்டருகில் நின்றிருந்தார்.

“மாதையன்கிட்ட நான் போயி சொல்லிடட்டுமா பாப்பா?”

“இனிமே சொல்லாதீங்கப்பா,” என்றாள். “என் கையெழுத்து போயிடுச்சு.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் நடந்தார். தெரசா அடுப்படிக்குப் போய், அம்மா கேட்காமலேயே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.