மானுக்கு விழுந்தவர்

ஜப்பானில் அந்தக் காட்டுநடைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர்தான் கோயில் வரை போய்ச் சேருவார்கள். சீட்டிலேயே அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே, மதியச் சாப்பாடு உண்டு என்றும் போட்டிருந்தது. தென்காசி உலகம்மாளுக்கு முதல் வரி கவலை. அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்கு இரண்டாவது வரி.

மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். அவன்தான் சீட்டு எடுத்துக் கொடுத்தான். "அப்பாவ முழுசாக் கூட்டிட்டு வந்துரும்மா" என்று ரயிலடியில் சொல்லி அனுப்பினான். முழுசாக என்பதை இரண்டு தடவை சொன்னான்.

வழிகாட்டி அம்மாளின் பெயர் மொரிகாவா. மஞ்சள் தொப்பி, கையில் இரும்புமுனை வைத்த கொடிக்கம்பு. தென்காசித் தமிழிலேயே பேசினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"மான் வந்து தலை குனியும். நீங்களும் குனியணும். ஆனா அதைவிடத் தாழப் போயிரக் கூடாது. யாரு தாழ்ந்தாகளோ, அவுக தரையில வச்சத நிமிந்து நிக்கிறவுக எடுத்துக்கிடுவாக. இதுதான் இங்கத்த சட்டம்."

"எடுத்துக்கிடுவாகன்னா?" என்றாள் உலகம்மாள்.

"எடுத்துக்கிடுவாக."

இரண்டாவது திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. முன்னால் போன நெட்டை மனிதர் ஷூ கயிறு கட்டக் குனிந்தார். ஒரு முழங்கால் தரையில். பெட்டைமான் ஒன்று வந்து லேசாகத் தலை அசைத்துவிட்டு அந்த முழங்காலைக் கடித்தது. கரும்பு ஒடிகிற சத்தம். மனிதர் மரியாதைக்காரர், கத்தவில்லை. மொரிகாவா அவர் சீட்டின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தாள்.

"நடங்க, நடங்க. பத்து மணிக்குக் காட்டுப்பன்னி."

உலகம்மாள் புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். காரணம் இருந்தது. ஆவுடையப்பன் விழுகிற மனிதர். மின்வாரியத்தில் மாற்றலுக்காக இன்ஜினியர் காலில் விழுந்தார். மந்திரி வந்தபோது விழுந்தார். மந்திரி கார் போய்விட்ட பிறகு டயர்த் தடத்திலும் ஒருதரம் விழுந்து எழுந்தார். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியவனுக்குக்கூட விழப் பார்த்தார், கண்ணாடித் தடுப்பு காப்பாற்றியது.

"இங்க விழுந்திராதிய" என்றாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றார், காட்டுப்பன்றியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி.

மதியத்தில் காடு முடிந்தது. மரங்களுக்கு மேலே கோயில் கூரை தெரிந்தது. அதற்கு நேர் கீழே ஒரு கலைமான் நின்றது. கொம்பு வாசலை அடைத்துக்கொண்டிருந்தது. அது மெல்லத் தலை குனிந்தது.

வந்தது வினை. மனுஷர் துண்டை இடுப்பில் கட்டினார். காலர் கிழிந்து உலகம்மாள் கையில் நின்றுவிட்டது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். முறை தவறாத ஆள் அல்லவா! தலை, கை இரண்டு, தோள் இரண்டு, மோவாய், அப்புறம் வலது காதை ஒருதரம், இடது காதை ஒருதரம் மண்ணில் வைத்தார். ஆக எட்டு.

கலைமான் எண்ணிப் பார்த்தது. இன்னும் ஏழு மான்களைக் கூப்பிட்டது.

ஆளுக்கு ஒன்று. கைகளை முறுக்கி இழுத்தன. தோள்களைக் கொம்பால் நெம்பின. காதுகள் சுலபமாக வந்தன, மோவாய்தான் நேரமெடுத்தது. தலை கடைசியில் போயிற்று. போகும்போது "நல்லா எடுத்துக்கிடுங்க சாமி" என்றது. மீதி, வேட்டியும் வயிறுமாகக் கிடந்தது.

உலகம்மாளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மொரிகாவாவின் கொடிக்கம்பைப் பிடுங்கிக் கலைமானின் கண்ணில் சொருகினாள். முனை பிடரியில் வெளியே வந்தது. கொம்பை ஒடித்துக்கொண்டு அடுத்த மானை அடித்தாள், அதற்கடுத்ததையும். புடவைக் கொசுவத்திலிருந்து ரத்தம் சொட்டியது. "என் புருசன் என்ன பொரி உருண்டையாடா, ஆளுக்கொண்ணு எடுக்க?" என்று கத்தினாள். ஒரு தடவைகூடக் குனியவில்லை.

மிச்ச மான்கள் பின்வாங்கின. பிறகு எல்லாம் சேர்ந்து மூக்கைத் தரையில் வைத்தன.

"இப்ப நீங்கதான் நிமிந்து நிக்கிய" என்றாள் மொரிகாவா. "என்ன வேணுமோ எடுத்துக்கிடலாம்."

"எம் புருசன் போதும்."

எட்டையும் கொண்டுவந்து வைத்தன. ஈரமாக இருந்ததால் அழுத்தியதும் ஒட்டிக்கொண்டன. ஆவுடையப்பன் கண் திறந்தார். உலகம்மாள் அவரைக் கட்டிக்கொண்டு, "போயிட்டியளோன்னு நெனச்சேன், பாவி மனுசா" என்று விக்கி விக்கி அழுதாள்.

அவர் எழுந்து பார்த்தார். எதிரே பெண்டாட்டி, தலைவிரி கோலம். கையில் கொம்பு. உடம்பெல்லாம் ரத்தம். சுற்றிலும் தலை வணங்கிய மான்கள்.

"வேண்டாம்! வேண்டாம்ங்க!" என்று அலறினாள்.

விழுந்துவிட்டார். எட்டும் பட.

முப்பத்தோரு வருஷத்தில் அவர் யார் யார் காலிலோ விழுந்திருக்கிறார். இவள் காலில் இதுதான் முதல் தடவை. உலகம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

மொரிகாவா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நீங்க எடுத்தாகணும். எடுக்காட்டி மானுக எடுத்துக்கிடும்."

"எட்டையுமா?"

"ஒண்ணாவது. அதுக்கு மேல உங்க இஷ்டம்."

உலகம்மாள் யோசித்தாள். கை, சாப்பிட வேண்டும். தலை இல்லாமல் மகனிடம் எப்படிக் காட்டுவது?

"காது ரெண்டும் போதும்" என்றாள். "அத அவுக உபயோகிச்சு நான் பாத்ததே இல்ல."

திருகினாள். இரண்டாவது காதுக்கு ஆவுடையப்பன் ஊரைக் கூட்டினார். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கோயிலுக்குள் போனார்கள். பெரிய புத்தர் கூரை வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நன்றாக இருந்தார். அவருடைய காது ஒவ்வொன்றும் தோள் வரை தொங்கியது, ஆள் உயரம் இருக்கும்.

"எத்தனை மணி வரைக்கும் தெறந்திருக்கும்?" என்று கேட்டாள்.

"அஞ்சு வரைக்கும்."

வலது காதுக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பொண்ணு பாக்க வந்த அன்னையிலருந்தே சொல்லுதேன்" என்று ஆரம்பித்தாள்.