பரீட்சையில் தவறிய கார்

கனகசபையின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பரீட்சையில் தவறியவர் எவருமில்லை. இதை அவர் வாயால் கேட்காதவர்களும் திருகோணமலையின் உவர்மலைப் பகுதியில் அதிகமில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தின் வெள்ளைக் கார், திங்கட்கிழமை காலை, வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தவறிவிட்டது.

பரிசோதகர் நீட்டிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் வீடு வந்து சேர்ந்தார். சித்தியடையாவிட்டால் காரைத் தெருவில் ஓட்ட அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பழையது சனிக்கிழமையோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை தங்கை வள்ளியம்மாவின் மகன் வினோஜனுக்குக் கலியாணம்; மாப்பிள்ளை போவதாக இருந்தது இந்தக் காரில். அந்தக் குடும்பத்து மாப்பிள்ளை எவனும் இதுவரை இரவல் வாகனத்தில் பெண் வீட்டு வாசலில் போய் இறங்கியதில்லை. ஆனால் அவருடைய மனைவி யசோதரா கார் தவறியதைத் தொலைபேசியில் வாய்தவறிச் சொன்னதில், வள்ளியம்மா அன்றைக்கே தன் மைத்துனரின் புது வான் வண்டியைக் கேட்டு வைத்துவிட்டாள்.

புதன்கிழமை கனகசபை காரை உள்துறைமுக வீதியில் இருந்த இஹ்ஸானின் கராஜுக்குக் கொண்டுபோனார். யசோதராவும் ஏறிக்கொண்டாள். வெளியில் யார் என்ன சொன்னாலும் பாதிதான் கணவர் வழியாக வீட்டுக்கு வரும் என்பது அவளுக்கு முப்பத்தெட்டு வருட அனுபவம்.

"முன்னுக்கு இந்த மஞ்சள் லைற் எவ்வளவு காலமா எரியுது, ஐயா?" என்றான் கிண்ணியாக்காரனான இஹ்ஸான்.

"இப்பதான். ஒரு மாதமிருக்கும்."

"இஞ்சின் ஓடுது எண்டு காட்டுற லைற் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்?" என்றாள் யசோதரா.

கனகசபை கடலைப் பார்த்தார்.

"ஐஞ்சு மாதத்துக்கு முந்தி கந்தளாயில பெற்றோல் அடிச்சனான், தம்பி. பிழை அதிலதான் இருக்கும்."

"கந்தளாய்ப் பெற்றோல் இவ்வளவு நாளைக்குக் கோவம் வச்சிருக்காது, ஐயா."

இஹ்ஸான் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். ஒக்சிஜன் சென்சரைச் சூடாக்கும் கம்பியில் கோளாறு என்று அது காட்டியது.

"சூடாக்கிறதோ?" கனகசபைக்குச் சிரிப்பு வந்தது. "திருகோணமலை வெயிலில இதுக்கு என்னத்துக்குத் தம்பி சூடு?"

"இந்த வெயில் அதுக்குப் பத்தாது, ஐயா. புகைக் குழாயில இருந்துகொண்டு இதுதான் புகையை மணந்து பாத்து, பெற்றோல் கூடவா குறைவா எண்டு கம்ப்யூட்டருக்குச் சொல்லுறது. நெருப்பாச் சுட்டாத்தான் இதுக்கு மூக்கு வேலை செய்யும். அதுக்குத்தான் உள்ளுக்குள்ள ஒரு சூட்டுக் கம்பி. அது வேலை செய்யாட்டி, கம்ப்யூட்டர் ஒரு குத்துமதிப்பில பெற்றோலை அள்ளி ஊத்தும். புகையும் வரும்."

"விளங்குது, தம்பி," என்றாள் யசோதரா. "காலமை கோப்பி குடிக்கும்வரைக்கும் இவரும் அப்பிடித்தான். குத்துமதிப்பில பேசிக்கொண்டிருப்பார்."

இஹ்ஸான் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரின் கீழே நுழைந்தான். கம்பிதான் என்று எடுத்தவுடன் முடிவுகட்ட அவன் தயாரில்லை. பியூஸைப் பார்த்தான், நல்லாயிருந்தது. வயரின் இணைப்பைக் கழற்றி மீற்றரை வைத்தான், காரிலிருந்து மின்சாரம் சரியாக வந்தது. கடைசியாகச் சென்சரின் சூட்டுக் கம்பிக்குப் போகும் இரண்டு வெள்ளை வயர்களுக்கும் நடுவே மீற்றரை வைத்தபோது முள் அசையவேயில்லை.

"உள்ள அறுந்திட்டுது," என்றான். சென்சரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதன் உலோகத்தில், தண்ணீர் கொதித்துக் காய்ந்த வெள்ளைக் கறை கோடு கோடாக இருந்தது. "ஐயா, இதுக்குத் தண்ணி அடிக்கிறனீங்களோ?"

கனகசபை நெஞ்சை நிமிர்த்தினார். அவர் பெருமைப்படக்கூடிய கேள்வி ஒன்று கடைசியில் வந்திருந்தது.

"பின்ன? கிழமையில நாலு நாள் மீன் வாங்க நிலாவெளிக்குப் போறனான். கடற்காத்து, உப்பு. வந்து ஐஞ்சு நிமிசத்தில கீழ்ப்பக்கம் முழுக்கக் கிணத்துத் தண்ணி அடிச்சிடுவன். எங்கட வாசலில உப்போட ஒரு கார் நிண்டதில்லை."

"அதுதான், ஐயா. இது உள்ளுக்குப் பீங்கான். கொதிக்கக் கொதிக்க நிக்கிறதில பச்சைத் தண்ணி பட்டால் வெடிச்சுப்போம்."

இஹ்ஸான் சென்சரைக் கனகசபையின் கையில் வைத்தான். பிறகு யசோதரா மெதுவாகத் தொடங்கினாள்.

"வெயிலால ஓடிவந்த பேரப்பிள்ளையள் கிணத்தடிக்குப் போனால், காய்ச்சல் வருமெண்டு பிரம்போட நிக்கிறது ஆர்?"

"அது பிள்ளையள்."

"கார் பாவம். வாயில்லாதது."

புதுச் சென்சர் வெள்ளி காலை கொழும்பு பஸ்ஸில் வந்தது. இஹ்ஸான் அதைக் காரில் பூட்டினான். மஞ்சள் லைற் அணைந்தது. மத்தியானம் இரண்டாம் முறை புகைப் பரிசோதனைக்குப் போய், கார் நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்தது. அந்தத் தாளை மட்டும் அவர் மடிக்கவில்லை.

அதைக் காட்டிப் புது அனுமதிப்பத்திரமும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வள்ளியம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"கார் பாஸ். வானை வேண்டாமெண்டு சொல்லு."

"சந்தோசம் அண்ணா. எண்டாலும் வானே வரட்டும். பழைய கார். இண்டைக்குச் சென்சர், நாளைக்கு வேற ஒண்டு. மாப்பிள்ளை நடுறோட்டில நிண்டால் ஆருக்கு மரியாதை?"

கனகசபை கதிரையில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளும் வழியில் கைவிடாத கார். இப்போது தங்கை வாயிலேயே பழசு என்று பேர் கெட்டு நிற்கிறது. அதன் பேரை மீட்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. யசோதரா குசினி வாசலுக்கு வந்து நிற்பது தெரிந்தும், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வள்ளி, கார் பழுதாகேல்லை. நான்தான் பழுதாக்கினனான். சூட்டோட தண்ணி அடிச்சு வெடிக்க வச்சிட்டன். காரில ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"அண்ணா," என்றாள் வள்ளியம்மா கடைசியில், சிரிப்பை அடக்கிய குரலில். "என்ர அறுபத்தொரு வயசில, உங்கட வாயால இதை இப்பதான் கேக்கிறன். சரி, வினோஜன் உங்கட காரிலயே போகட்டும். வானில நாங்கள் வாறம்."

அவர் போனை மேசையில் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"கேட்டதுதானே?"

"ஓம்," என்றாள் யசோதரா. "எண்டாலும் பாதிதான் காதில விழுந்தது. இன்னொருக்காச் சொன்னால் நல்லது."